சாய்ந்த கடல்

சாட்ஸ்வர்த், யூனிட் மூன்று.
நூலகத்துக்குப் பின்னால், நாற்காலி அடுக்கும் அறை.
மாதத்தின் முதல் சனிக்கிழமை
சுவரில் கோகிலத்தின் போர்வை ஏறும்,
நடுவில் ஒரு தேநீர்க் கறையோடு.
யார் படம் போட்டாலும் அந்தக் கறைக்கும் ஒரு வேடம்.
போன மாதம் டெஷனின் நிலவுக்குப் பக்கத்தில்
இன்னொரு நிலவு.

இன்று சிங்காரம் படையாச்சியின் முறை.
கடல்.
அடுத்தது, கடல்.
அதற்கடுத்ததும்.
"எதைத்தான் எடுத்தீர்கள்?" என்றான் டெஷன்.
அறையிலேயே விலைகூடிய காமிரா அவனுடையது,
தவணை இன்னும் முடியவில்லை.
"ஜூலை. அவை வடக்கே போகிற நேரம்."
"எவை?"
"வந்தால் தெரியும்."

எல்லாக் கடலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.
தொடுவானம் நேராக வேண்டாமா,
தண்ணீரெல்லாம் டெஷன் மடியில் கொட்டிவிடுமே
என்று கோகிலம் சிரித்து முடிப்பதற்குள்
கரண்ட் போனது.

அட்டவணைப்படி இரண்டு மணி நேரம்.
யாரும் எழவில்லை.
பிஸ்கட் டப்பா இருட்டில் கைமாறியது.
பார்க்க ஒன்றுமில்லை என்றானதும்
பேச்சு பழைய வேலைகளுக்குப் போனது.

பதினெட்டு வருஷம் இடது கை மட்டும் தைத்தாள் கோகிலம்.
சட்டையின் இடது கை.
வலது கை தைத்தவள் எதிர் வரிசை,
அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது.
"ஆனாலும் எத்தனை ஆண்கள்
எங்கள் இருவரையும் மாட்டிக்கொண்டு
வேலைக்குப் போனார்கள்!"

டெஷனுக்கு ஒரே வேலை, நான்கே மாதம்.
லண்டன்காரர்களைக் கூப்பிட்டு
உங்கள் கெட்டில் நன்றாகக் கொதிக்கிறதா என்று கேட்பது.

நான் மரியன்ஹில் டோல்கேட், பதினோரு வருஷம்.
ஜன்னலுக்குள் நீளும் கைகள்தான் எனக்கு ஜனங்கள்.
வேர்த்த சில்லறை, மருதாணி,
மோதிரம் கழற்றிய விரலில் வெளுத்த வளையம்.
இன்றைக்கும் முகத்தை எடுக்கப் போனால்
காமிரா தானாக முழங்கைக்கு இறங்கிவிடும்.
இதை நான் சொல்லவில்லை.
சொன்னது, ஒருவன் காசுக்குப் பதில்
மாங்காய் நீட்டிய கதை.

நொம்வூலா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள்.
"உங்கள் படத்தில் தோல் மட்டும்தானே தெரிகிறது" என்பாள்.
ஜூலுவும் இங்கிலீஷும் புரியாத நோயாளிகளுக்காகத்
தமிழில் இரண்டே கட்டளை கற்றாளாம்:
மூச்சுப் பிடி. மூச்சு விடு.
இருட்டில் முதலாவதைச் சொல்லிக் காட்டினாள்.
ஆளாளுக்கு ஒரு நொடி
பிடித்துத்தான் விட்டோம்.

பிறகு சிங்காரம்.
அவருக்கு அப்போது பதினெட்டு.
பிளஃப் மலைக்கு அந்தப் பக்கம்,
திமிங்கிலம் அறுக்கும் ஸ்டேஷன்.
"கரைக்கு இழுத்து ரயிலில் ஏற்றுவோம்.
கூட்ஸ் வண்டியில் ஒரு திமிங்கிலம்
படுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறீர்களா?
டிக்கெட் இல்லாமல்."
யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்கச் சொன்னாரா என்றும் தெரியவில்லை.
"அறுக்கிற மேடை சரிவு.
எண்ணெயும் ரத்தமும். வழுக்கும்.
இடது காலை ஊன்றி இப்படி நிற்பேன்."
எப்படி என்று தெரியவில்லை,
தரைப் பலகை கிறீச்சிட்டது மட்டும்.
"அண்ணி என் சோற்றுத் தட்டை
வெளியே வைத்துவிடுவாள், அந்த வாடை.
எழுபத்தைந்தில் மூடினார்கள்.
பிறகு பெயின்ட் கடை, முப்பது வருஷம்.
அதில் சொல்ல ஒன்றுமில்லை."
எத்தனை அறுத்தீர்கள் என்றான் டெஷன்.
பிஸ்கட் டப்பாவின் மூடி
திறந்து, மூடியது.

கரண்ட் வந்தது, அதிசயமாய் இருபது நிமிஷம் முன்பே.
போர்வையில் மறுபடி அதே கடல், அதே சாய்வு.
நேராக்கட்டுமா என்று வாயெடுத்த டெஷன்
விட்டுவிட்டான்.

கறைக்கு மேலே, ஓரத்தில்,
வெள்ளையாய் ஒரு கீற்று.
முதலிலேயே இருந்ததா? ஒருவருக்கும் ஞாபகமில்லை.
"தூசி" என்றார் சிங்காரம்.
டெஷன் சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தான்.
கோகிலம் போய்ப் போர்வையை உதறினாள்,
கடல் மடங்கி, விரிந்து, நின்றது.
கீற்று அங்கேயே.

சிங்காரம் எழுந்தார்.
பாரம் முழுதும் இடது காலில்.
இப்படித்தான் நின்றிருக்கிறார்.

நொம்வூலாவைப் பார்த்தேன்.
அவள் இன்னும்
"விடு" சொல்லவில்லை.